செவலை தண்ணீர் குடிக்கவில்லை

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரு புது உத்தியோகம் வந்திருக்கிறது. மாலையில் பெரிய கோயில் வாசலில் காற்று வாங்கக் கூடுகிற நாம் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் ஏழு மணிக்கு முன்பே வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். வீட்டில் நாய் காத்திருக்கும். நம்முடைய நாய் அல்ல, மகனுடையது. மகனும் மருமகளும் எங்கோ விமானம் ஏறியிருப்பார்கள். நாயும் பூனையும் தென்காசிக்கு வந்து இறங்கியிருக்கும். எனக்கு இந்த முறை கூடவே வந்தவை: தீனிப் பை இரண்டு, சீப்பு மூன்று, மண் நிரப்பிய தட்டு ஒன்று, என் போனில் மருமகள் பேசி அனுப்பிய பதினேழு குரல் செய்திகள்.

பதினேழையும் கேட்டேன். பதினொன்றாவது செய்தியில் அவள் சொல்கிறாள்: "மாமா, அது கொட்டாவி விட்டா தூக்கம் வருதுன்னு நினைச்சுக்காதீங்க. பயப்படுதுன்னு அர்த்தம். அப்ப கொஞ்சம் தள்ளி இருங்க."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அறுபது வருடங்களுக்கு முன் ஒரு நாய் என் முகத்துக்கு நேராக இரண்டு முறை கொட்டாவி விட்டது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தக் கொட்டாவியில் தொடங்கியதுதான். உங்களில் யாராவது எனக்கு இதை விளக்க முடியுமா என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா தென்காசியில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு பங்களா இருந்தது. அதன் சொந்தக்காரம்மா செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து வாழ வந்தவர். அந்த வருடம் ஆனி மாதம் மகளின் பிரசவத்துக்காக மெட்ராஸ் கிளம்பினார். சீசன் நேரத்தில் அங்கே எல்லாரும் வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்கட்டில் ஒதுங்கிக்கொள்வார்கள். அந்த அம்மா விடவில்லை. அவரிடம் ஒரு நாயும் ஒரு பூனையும் இருந்தன. சீசன்காரர்கள் நாய்க்கு அல்வாவைப் போட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்பது அவருடைய பயம். ஆகவே எங்கள் குடும்பத்தைக் குடிவைத்துவிட்டுப் போனார். வாடகை கிடையாது, இரண்டு பிராணிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மா தயங்கினாள். "நாய் வளத்து நமக்குப் பழக்கம் இல்லையே."

"நாப்பது பிள்ளைகளை மேய்க்கேன், ரெண்டு மிருகத்தை மேய்க்க மாட்டனா?" என்றார் அப்பா. "தினம் அருவிக் குளியல். சும்மா வருது, வேண்டாம்ங்கியே."

காரில் ஏறும்போது பங்களாக்காரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மோனே, பூச்சைக்கு ஒரு கரண்டிப் பால் ஒழிச்சா போதும். நாய்க்கு ஒரு நேரம் சோறு. ரெண்டும் ஒண்ணாத்தான் கிடக்கும். பிரிக்க வேண்டாம், கேட்டோ."

அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த குறிப்பு. பதினேழு செய்திகளை இரண்டு மடங்கு வேகத்தில் பேசுகிற என் மருமகள் அன்று இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பங்களாவுக்குப் பதினொரு ஜன்னல்கள். எல்லாவற்றிலும் ஈரம். சாரல் என்பது மழை அல்ல என்று உங்களுக்குத் தெரியும். அது விழாது, மிதந்து வரும். தலையணை, தீப்பெட்டி, பாடப் புத்தகம் எல்லாம் லேசாக நமத்திருக்கும். நாயின் முதுகில் அது கடுகு கடுகாக உட்கார்ந்திருக்கும். நாயின் பெயர் செவலை. நிறத்தைத்தான் பெயராக வைத்திருந்தார்கள். பூனைக்குப் பெயரே இல்லை.

பூனையோடு எனக்கு முதலில் தகராறு. அதன் மீசை முடிகளை எண்ண வேண்டும் என்று எதிரில் உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்ப்பேன். இடப்பக்கம் பதினொன்று வரும், வலப்பக்கம் தொடங்குவதற்குள் எழுந்து போய்விடும். வாலைப் பிடித்து நிறுத்தினால் சீறும். ஒரு நாள் ஜுரம் வந்து சாய்வு நாற்காலியில் புத்தகத்தை மார்பில் போட்டுக்கொண்டு கிடந்தேன். கண் மூடி மூடித் திறந்தது. பூனை வந்து என் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் கண்ணை மூடினால் அதுவும் மூடியது.

அப்பா பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "பாத்தியாட்டி, புஸ்தகம் கையில இருந்தாத்தான் அது வருது. படிக்கிற பிள்ளையை அதுக்குத் தெரியுது."

அன்றிலிருந்து பூனை வேண்டுமானால் புத்தகத்தோடு உட்காருவேன். படிக்கிற கண் பூனையை முறைக்காதில்லையா, அதனால் அது வந்தது. இப்படி இப்போது மருமகள் விளக்குகிறாள். ஆனால் அந்த வருடம் நான் வகுப்பில் இரண்டாவது வந்தேன். அப்பா சொன்னது தவறு என்று எப்படி முழுக்கச் சொல்வது? தெரியவில்லை.

நாய் வேறு மாதிரி. அது யாரையும் பார்க்காது. முன் வராந்தாவில் கேட்டைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். தரையில் சிவப்புத் தளக்கற்கள். முதல் நாள் நான் ஒன்பது கல் தள்ளி உட்கார்ந்தால்தான் அது எழுந்து போகாது. பிறகு ஏழு கல். பிறகு ஐந்து. பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு நினைப்பே இருக்காது. ஒரு கல் குறைந்த நாளில் அருவிக்கரையில் ஓடி ஓடிக் குளித்தேன். ஆனி முடியும்போது நடுவில் ஒரு கல்தான் இருந்தது. அதன் வால் நுனி என் முழங்காலைத் தொட்டது. அது என் நாய் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆடி பிறந்து இரண்டொரு நாளில், சாயங்காலம், சாலையில் ஒரு கார் வந்தது. செவலை விறைத்து எழுந்தது. பங்களாக்காரம்மா கிளம்பிப் போனதும் காரில்தான். கார் நிற்காமல் குற்றாலத்துக்குப் போய்விட்டது. நாய் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தது. பக்கத்தில் போய் இரண்டு கைகளாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அது கொட்டாவி விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. தூக்கம் வருகிறது போல, என் மேல் சாயட்டும் என்று இன்னும் இறுக்கினேன். இரண்டாவது கொட்டாவி. பிறகு என்ன நடந்தது என்று கண்ணால் பார்க்கவில்லை. என் மணிக்கட்டில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். நாய் என்னைவிடப் பயந்துபோய்ப் முற்றத்தோரக் கார் கொட்டகைக்குள் ஓடிப் பதுங்கிக்கொண்டது.

அம்மா சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்பா சைக்கிளில் உட்கார வைத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். அந்தக் காலத்து ஊசி உங்களுக்கு நினைவிருக்கும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு. டாக்டர் அப்பாவிடம் சொன்னார்: "நாயைக் கட்டிப் போட்டுப் பத்து நாள் பாருங்க. நல்லா இருந்துட்டா ஊசியை நிறுத்திரலாம். அதுக்கு முன்னால சீக்கு தெரிஞ்சா பதினாலையும் போட்டாகணும்."

இப்போது எதிர் வீட்டு ஏட்டையாவைச் சொல்ல வேண்டும். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தென்னந்தோப்பும் பன்றி விரட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கியும் வைத்திருந்தார். மறுநாள் காலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கொட்டகைக்கு எட்ட நின்று நாயைப் பார்த்தார். அது கழுத்துக் கயிற்றோடு மூலையில் சுருண்டிருந்தது.

"சார்வாள், மத்ததெல்லாம் விடுங்க. தண்ணி குடிக்கானா, அதைச் சொல்லுங்க. வெறி பிடிச்ச நாய் தண்ணியைத் தொடாது. நான் சர்வீஸ்ல எத்தனை பாத்திருக்கேன்."

"இப்பத்தானய்யா கட்டியிருக்கு."

"அளந்து வச்சுப் பாருங்க. நீங்கதான் கணக்கு வாத்தியாராச்சே. பாருங்க, நடுங்குது."

"சாரக்காத்து அடிச்சா நீங்களுந்தான் நடுங்குதிய" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

அப்பாவுக்கு அளப்பது என்றால் வேறெதுவும் வேண்டாம். வீட்டில் பீங்கான் பூச்சுப் போட்ட இரும்புப் பேசின் ஒன்று இருந்தது. வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு, ஓர் இடத்தில் மட்டும் கருப்பாகப் பெயர்ந்திருக்கும். அந்த மாதிரிப் பேசின்களை இப்போது எந்தக் கடையிலும் காணோம். அதில் நீலக் கோடு வரை தண்ணீர் ஊற்றி, கொட்டகை வாசலில் வைத்து, நாய்க்கு எட்டும்படி ஒரு கம்பால் கூரை விளிம்பு வரை தள்ளினார். யாரும் கிட்டே போகக் கூடாது என்று உத்தரவு. காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு தடவை, தூரத்தில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"ஒரு சொட்டுக் குறையல" என்பார்.

மறுநாளும் நீலக் கோடு. அதற்கு மறுநாளும் நீலக் கோடு.

நான் வாசல்படியில் உட்கார்ந்து கொட்டகையைப் பார்த்துக்கொண்டேயிருப்பேன். கொட்டகைக்குத் தகரக் கூரை. சாரல் தகரத்தில் சேர்ந்து, விளிம்பில் முத்து முத்தாகத் திரண்டு, கீழே சொட்டும். அந்தச் சொட்டுகளை எண்ணுவது எனக்குப் பொழுதுபோக்கு. நூறு வரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். அவை பேசினுக்குள்தான் விழுந்தன. நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார், ஏட்டையாவும் பார்த்தார். நாய் எவ்வளவு குடித்தாலும் கூரை அதை நிரப்பிவிடும், மிஞ்சினால் வழிந்து மண்ணோடு போய்விடும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு குழாய் நிரப்ப ஒரு குழாய் காலி செய்கிற தொட்டிக் கணக்கை அப்பா அந்த வாரம்தான் எட்டாம் வகுப்புக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரன் ஒருவன் நின்றிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ. சாரலை நாங்கள் தண்ணீர் என்று நினைப்பதே இல்லை.

அம்மாவுக்கு மட்டும் வேறொரு கணக்கு.

"அந்தப் பூனை ராவெல்லாம் அதும் வயித்துக்குள்ளதான் சுருண்டு கிடக்கு. வெறி பிடிச்ச நாய்கிட்ட பூனை அண்டுமா? அதுக்குத் தெரியாதா?"

"எம்மா, பூனைக்குப் போலீஸ் டிரெயினிங் கிடையாது" என்றார் ஏட்டையா.

"உங்களுக்கு இருந்து என்ன கண்டோம்?"

அப்பா சிரிக்கவில்லை. பூனைக்கும் தொற்றிவிடுமே என்ற புதுக் கவலை அவருக்கு. அதைப் பிடித்து உள்ளே அடைத்தார். அது பதினொரு ஜன்னல்களில் ஏதோ ஒன்று வழியாக மறுபடி கொட்டகைக்குப் போய்விட்டது.

ஐந்தாவது ஊசி போட்டு வந்த அன்று சாயங்காலம் முடிவாகிவிட்டது. நாய்க்கு வெறிதான். கயிற்றை அறுத்துக்கொண்டு சாலைக்குப் போனால் சீசன் கூட்டத்தில் எத்தனை பேரைக் கடிக்குமோ என்றார் ஏட்டையா. அப்பா என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி" என்றார். அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா கேட்டதற்கு, "கணக்குத்தான் பதில்" என்றார்.

ஆனால் உடனே சுட முடியவில்லை. சாரலில் ஏட்டையாவின் வெடிமருந்து நமத்துப்போயிருந்தது. "ஒரு நாள் வெயில் அடிக்கட்டும். காய வச்சுட்டா ஒரே ஒரு வெடிதான்" என்றார்.

அதனால் நான் சாரல் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் இலஞ்சி முருகனிடம் ஒரு நாளைக்கு இரண்டு முறை. குற்றாலத்தில் பழக்கடைக்காரர்களும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும் அதையேதான் வேண்டியிருப்பார்கள். எனக்கு நல்ல துணை. சாரலும் நிற்காமல் வந்தது. நாயைச் சுடவிடாமல் வைத்ததும் அந்தச் சாரல்தான். பேசினை நிரப்பி நாயைக் குற்றவாளி ஆக்கியதும் அந்தச் சாரல்தான். நான் எதை வேண்டினேன் என்று இப்போது யோசித்தால் தலை சுற்றுகிறது.

ஒரு காலையில் காற்று நின்றது. மலை முழுசாகத் தெரிந்தது. பத்து மணிக்கெல்லாம் தரை காய்ந்து, பங்களாவில் முதல் தடவையாக ஈரமில்லாத வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. எல்லாரும் வீட்டில் இருந்தோம். ஏட்டையா தன் வீட்டு மதிலுக்கு மேல் செய்தித்தாளை விரித்து, கருப்புப் பொடியைப் பரப்பி, நான்கு மூலைக்கும் கல் வைத்தார். பக்கத்தில் பீடி பிடிக்க வந்த வண்டிக்காரரை விரட்டிய சத்தம் இங்கே கேட்டது.

நான் வாசல்படியை விட்டு நகரவில்லை. தகர விளிம்பில் ஒரு சொட்டுகூட இல்லை. எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. செவலை மூலையில் தலையை முன்னங்கால் மேல் வைத்து என்னையே பார்த்தது. பூனை அதன் வயிற்றருகிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, பேசினண்டை வந்து குடித்தது. குனிந்து வெகுநேரம் குடித்தது. பிறகு மோவாயில் தண்ணீரோடு என்னைத் தாண்டி உள்ளே போனது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் அப்பா எட்டிப் பார்க்க வந்தார். வழக்கமான இடத்தில் நின்றார். பிறகு தன் உத்தரவைத் தானே மீறிக் கிட்டே போனார். குனிந்து விரலை வைத்தார். தண்ணீர் நீலக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. நிமிர்ந்து தகரத்தைப் பார்த்தார். மறுபடி பேசினைப் பார்த்தார். வெயிலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் வேர்வை இறங்கியது.

நான் அடுப்படிக்கு ஓடினேன். "எம்மா, பூனைதான் குடிச்சுது. நான் பாத்தேன்."

அம்மா அகப்பையை வைத்துவிட்டு என் வாயைப் பொத்தினாள். "பாத்ததை எல்லாம் சொல்லணும்னு யாரு சொன்னா? பேசாம இருலே."

அதற்குள் ஏட்டையா துப்பாக்கியோடு வந்துவிட்டார். அம்மாவும் நானும் வாசலுக்கு வந்தோம். மருந்தைக் கெட்டித்து ரவை போட்டுத் தயாராக வைத்திருந்தார். அப்பா கொட்டகைக்குக் குறுக்கே நின்றார்.

"அண்ணாச்சி, தண்ணி குடிச்சிருக்கு."

"யாரு பாத்தா?"

"ரெண்டு விரக்கடை குறைஞ்சிருக்கு."

"வெயில்ல வத்தியிருக்கும் சார்வாள்."

"கொட்டகை நிழல்ல ஏது வெயில்? நேத்து ஒரு சொட்டுக் குறையலன்னு சொன்னேன், நம்புனீங்கல்லா? இன்னைக்கு ரெண்டு விரக்கடை குறைஞ்சிருக்குன்னு சொல்லுதேன். இதையும் நம்புங்க. அளந்தது அளந்ததுதான்."

ஏட்டையா பேசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்தாள்.

"பிறவு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைக் கேக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு ஏட்டையா கேட்டைத் தாண்டிப் போனார்.

இந்த இடம்தான் எனக்கு விளங்கவில்லை. தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அப்பாவுக்குத் தொட்டிக் கணக்கு விளங்கிவிட்டதா? விளங்கிய பிறகுதான் அளந்தது அளந்ததுதான் என்று அழுத்திச் சொன்னாரா? அல்லது நிஜமாகவே நாய்க்கு அன்றுதான் சீக்குத் தெளிந்தது என்று நம்பினாரா? கடைசி வரை அவர் எல்லாரிடமும் சொன்னது இரண்டாவதைத்தான். "தானா வந்துது, தானா போச்சு" என்பார். அம்மா அப்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள். இலஞ்சி முருகன் என் வேண்டுதலைக் கேளாமல் சாரலை நிறுத்தியதால்தான் நாய் பிழைத்தது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. நாய் அந்த ஐந்தாறு நாளும் தண்ணீர் குடித்ததா என்பதை யாரும் பார்த்ததில்லை. பூனை குடித்ததை நான் பார்த்தேன். பூனை குடித்த தண்ணீருக்காகத்தான் நாயை விட்டார்கள். பத்து நாள் முடிந்து டாக்டர் எனக்கு நான்கு ஊசிகளைக் குறைத்தார். அதுவும் அந்தப் பூனையின் கணக்கில்தான் சேரும் என்று நினைக்கிறேன்.

ஏட்டையா போன கையோடு அம்மா கொட்டகைக்குள் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். "வயித்தெரிச்சல், கழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு" என்றாள். செவலை வெளியே வரவில்லை. வாசலில் நின்று மூக்கை மட்டும் நீட்டி வெயிலை மோந்தது. நான் முற்றத்தின் நடுவில் நின்றிருந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிடப் பயம். அது கேட்டுக்குத்தான் போகும், போய் முதுகைக் காட்டி உட்காரும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது தோப்பில் வெடிச் சத்தம் கேட்டது. கெட்டித்த மருந்தைத் துப்பாக்கிக்குள் விட்டு வைக்க முடியாது. ஏட்டையா வானத்தைப் பார்த்துத் தீர்த்துவிட்டார். பங்களாவின் ஓடுகள் அதிர்ந்தன. தென்னையிலிருந்து காக்கைகள் மொத்தமாக எழும்பின. பூனை எங்கே போனதென்றே தெரியவில்லை.

செவலை கேட்டுக்கு ஓடவில்லை. நேராக என்னிடம் வந்தது. என் இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையை நுழைத்து, முழு உடம்பையும் என் மேல் சாய்த்து நின்றது. அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முழங்காலில் தெரிந்தது. முன்பு எவ்வளவோ ஆசைப்பட்டும் அது இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

"தொடாதலே" என்றார் அப்பா.

"தடவிக் குடுலே" என்றாள் அம்மா.

நான் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல், அது சாய்ந்திருந்த மட்டும் அப்படியே நின்றேன்.